வேண்டிய மட்டும் உண்ண ஒரே விலை

வாயிலிலேயே பணத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே சென்று, எது வேண்டுமோ அதை, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு, எத்தனை முறை வேண்டுமோ அத்தனை முறை எடுத்து உண்ணலாம் என்று ஒருவர் உணவுச்சாலை நடத்த முற்பட்டால், அவருடைய நண்பர்கள் அவருக்காக இரங்கவே செய்வார்கள். பசித்து வருகிறவனுடைய வயிற்றுக்கு எல்லை கட்ட யாரால் முடியும்? நான்கு பேர் உண்பதை ஒருவனே உண்டுவிட்டுப் போனால் முதலாளியின் கதி என்னாவது? இப்படியெல்லாம் கேட்கத் தோன்றும். ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாட்டில் இத்தகைய உணவுச்சாலைகள் ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கணக்கில், ஒரே பெயரோடு ஊருக்கு ஊர் கிளை பரப்பிப் பல ஆண்டுகள் செழிப்பாக நடந்தன. பிறகு அவற்றுள் பெரும்பகுதி மறைந்தும் போயிற்று. அவை செழித்ததற்கும் மறைந்ததற்கும் பெருந்தீனிக்காரன் காரணமல்லன். கொஞ்சமாக உண்பவர்கள் வந்தார்களா, வராமற் போனார்களா என்பதே அந்த வியாபாரத்தின் உயிர்நிலை. இதையே இன்று சற்று விரிவாகப் பார்க்கலாம்.

பஃபே என்பது பிரெஞ்சு மொழிச் சொல். உணவறையின் ஓரத்தில் பாத்திரங்களையும் பதார்த்தங்களையும் வைப்பதற்காகப் போடப்பட்ட மேஜைக்கு அது பெயராக இருந்தது. மேஜையின் பெயரே நாளடைவில் அதன்மேல் பரப்பிய விருந்துக்கும், விருந்தினர் தாமே எழுந்து சென்று எடுத்து உண்ணும் முறைக்கும் ஆகி வந்தது. ஆனால் அமெரிக்க மக்களுக்கு இந்த வழக்கத்தை அழகாக எடுத்துக் காட்டியவர்கள் ஸ்வீடன் நாட்டினர். 1939-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில், ஸ்வீடன் நாட்டுக் கூடத்தில் ‘மூன்று மகுடங்கள்’ என்ற பெயரில் ஓர் உணவுச்சாலை அமைத்திருந்தார்கள். அங்கே பலவகை மீன்களும் இறைச்சியும் ரொட்டியும் பாலாடைக் கட்டியும் சுழலும் மேஜை ஒன்றில் வைக்கப்பட்டிருந்தன. ‘ஸ்மோர்கஸ்போர்ட்’ என்ற ஸ்வீடிஷ் சொல் அமெரிக்கப் பேச்சில் பரவியதற்கு அந்த மேஜை ஒரு பெருங்காரணம். இதே விருந்து 1958-இல் ஜப்பானுக்கும் சென்றது. டோக்கியோ நகரின் இம்பீரியல் ஹோட்டலார் அதற்கு வைத்த பெயர் ‘வைக்கிங்’. இன்றும் ஜப்பானியர் வேண்டிய மட்டும் உண்ணும் விருந்தை அப்பெயராலேயே வழங்குகிறார்கள்.

1940-களில் லாஸ் வேகாஸ் நகரத்துச் சூதாட்ட விடுதிகளும் இந்த முறையைக் கைக்கொண்டன. ஒரு டாலருக்கு வயிறு நிறையச் சாப்பாடு. அதில் நஷ்டம் வந்தாலும் விடுதிக்காரருக்குக் கவலையில்லை. உண்டவர் வீட்டுக்குப் போகாமல் சூதாட்ட மேஜையில் அமர்ந்தால் போதும், இழந்தது பலமடங்காகத் திரும்பிவிடும். அது வேறு கதை. நாம் பார்க்க வந்தது சூதாட்ட மேஜையின் துணையில்லாமல், மதுபான வருமானமும் இல்லாமல், உணவு ஒன்றையே விற்றுப் பிழைத்த குடும்ப உணவுச்சாலைகளை.

அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று வடக்கே மினசோட்டா மாநிலத்தில் தோன்றியது. ரோ ஹாட்லன், டென்னிஸ் ஸ்காட் என்ற இருவர் 1983-ஆம் ஆண்டில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டில் மினியாபொலிஸ் நகரை அடுத்த புறநகர்ப் பகுதியில் ‘ஓல்ட் கன்ட்ரி பஃபே’ என்ற உணவுச்சாலையைத் திறந்தார்கள். பெரும்பாலும் கடைத்தொகுதிகளில், வண்டி நிறுத்த வசதியுள்ள இடமாகப் பார்த்துக் கிளைகள் எழுந்தன. ஆடம்பரம் ஏதும் இல்லை. வறுத்த கோழி, வாட்டிய மாட்டிறைச்சி, மசித்த உருளைக்கிழங்கு, அதன்மேல் ஊற்ற இறைச்சிச் சாறு, வேகவைத்த பட்டாணியும் காரட்டும், சோளம், ரொட்டி, பழத் துண்டுகள், கடைசியில் பனிக்கூழ் என்று அந்த நாட்டுப் பாட்டிமார் ஞாயிற்றுக்கிழமை சமைக்கும் சமையல்தான் அங்கே மேஜையேறியது. தெற்கே தென் கரோலினா மாநிலத்தில் 1977-இல் தோன்றிய ‘ரையன்ஸ்’, வட கரோலினாவில் 1973-இல் தோன்றிய ‘கோல்டன் கோரல்’ ஆகியவையும் இதே இனத்தைச் சேர்ந்தவை. பின்னது முதலில் வறுத்த இறைச்சித் துண்டுகளுக்கான கடையாக இருந்து, பிறகு பஃபே முறைக்கு மாறியது.

இவற்றின் கணக்கைச் சற்றே பார்ப்போம். எண்கள் என் கற்பனை; கணக்கின் போக்குதான் முக்கியம். பெரியவருக்குப் பத்து டாலர், முதியவருக்கு ஒன்பது டாலர், சிறு பிள்ளைக்கு வயதுக்கேற்ப நான்கு டாலர் என்று கட்டணம் வைத்துக்கொள்வோம். தாத்தா, பாட்டி, தந்தை, தாய், எட்டு வயதுச் சிறுவன் என்று ஐவர் வருகிறார்கள். கட்டணம் 42 டாலர். தந்தை ஆறு டாலர் பெறுமான உணவை உண்கிறார். தாய் மூன்று டாலருக்கு உண்கிறாள். முதியவர் இருவரும் ஆளுக்கு இரண்டு. சிறுவன் பனிக்கூழும் வறுத்த கிழங்குமாக இரண்டு. ஆக உண்டது 15 டாலர், மிச்சம் 27. அடுத்த மேஜையில் கடுமையாக உடலுழைக்கும் இளைஞர் நால்வர். கட்டணம் 40 டாலர். ஆளுக்கு ஆறு டாலராக உண்டது 24, மிச்சம் 16. இனி வாடகை, சம்பளம், எரிபொருள், பாத்திரம் துலக்குதல் எல்லாம் சேர்ந்து மேஜை ஒன்றுக்கு 20 டாலர் செலவாகிறது என்றால், இளைஞர் மேஜையில் நான்கு டாலர் நஷ்டம், குடும்ப மேஜையில் ஏழு டாலர் லாபம். இரண்டும் சேர்ந்தால் மூன்று டாலர் நிற்கிறது. அந்த மூன்று டாலர்தான் வியாபாரம்.

ஆகவே அந்த இளைஞனுடைய மூன்றாவது தட்டுக் கோழியை வாங்கிக் கொடுத்தவள், பக்கத்து மேஜையில் பாதி ரொட்டியோடு நிறுத்திக்கொண்ட பாட்டி. அவள் அதை அறியமாட்டாள். அறிந்தாலும் வருந்தமாட்டாள் என்றே தோன்றுகிறது. ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனி நெடுநாள் வாழ்பவர் கட்டும் பணத்தைக் கொண்டு அற்பாயுளில் இறந்தவர் குடும்பத்துக்குக் கொடுப்பதைப் போன்றது இது. ஒவ்வொருவருடைய பசியும் கணக்குக்கு எட்டாதது. ஆயிரம் பேருடைய பசியோ பெரும்பாலும் கணக்குக்குள் அடங்கிவிடும்.

நம் நாட்டு நேயர்களுக்கு இது முற்றும் புதிய சங்கதியன்று. நம் சாப்பாட்டு ஹோட்டல்களிலும் இலைக்கு ஒரு விலை என்று வைத்துச் சோறும் குழம்பும் ரசமும் மோரும் கேட்கக் கேட்கப் போடுவதுண்டு. ஆனால் ஒரு வித்தியாசம். இங்கே கரண்டி பரிமாறுபவர் கையில் இருக்கிறது. சோற்றுக்கு எல்லையில்லை, அப்பளத்துக்கும் பாயசத்துக்கும் உண்டு. கேட்டால்தான் வரும், கேட்கச் சிலருக்குக் கூச்சம். அமெரிக்கப் பஃபேயில் கரண்டி உண்பவர் கையிலேயே இருக்கிறது. கேட்க வேண்டியவர் யாருமில்லை, ஆகவே கூச்சமுமில்லை.

கரண்டியை ஒப்படைத்துவிட்ட முதலாளி வேறு வழிகளைத் தேடினார். வரிசையின் தொடக்கத்தில் இலைக்கறிகள், சூப், ரொட்டி முதலிய மலிவான பண்டங்கள் இருக்கும். பசியோடு வருபவர் தட்டில் முதலில் இடம் பிடிப்பவை அவை. விலையுயர்ந்த இறைச்சியோ கடைக்கோடியில் இருக்கும்; பல இடங்களில் அங்கே மட்டும் ஒரு சமையற்காரர் கத்தியுடன் நின்று மெல்லிய துண்டுகளாக அறுத்துக் கொடுப்பார். அந்த ஒரு பண்டத்துக்கு மட்டும் கரண்டி பழைய கைக்கே திரும்பிவிட்டது பாருங்கள். தட்டுகளைச் சற்றுச் சிறியனவாக வைப்பதும் இந்த வழிகளுள் ஒன்று. இவற்றை மோசடி என்று சொல்வது பொருந்தாது. வேண்டியவர் நேரே இறைச்சிக்குப் போகலாம், தடுப்பார் இல்லை. மனித சுபாவம் அருகிலிருப்பதை முதலில் எடுக்கிறது, அவ்வளவே.

சமையலறையின் பாடு இதைவிடக் கடினம். உணவின் சூடு 57 பாகை செல்சியஸுக்குக் குறையக்கூடாது என்றும், குளிர்ந்த பண்டங்களின் வெப்பம் ஐந்து பாகைக்கு மிகக்கூடாது என்றும் அந்நாட்டுச் சுகாதார விதிகள் கூறுகின்றன. இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் விரைந்து பெருகும். இதற்காகப் பாத்திரங்களைக் கொதிநீரின் ஆவிமேல் வைக்கிறார்கள். ஆனால் ஆவியின்மேல் ஒரு மணி நேரம் கிடந்த பட்டாணி எப்படியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஓல்ட் கன்ட்ரி பஃபேயின் சாமர்த்தியம் இங்கேதான் வெளிப்பட்டது. ஒரே தடவையில் அண்டா அண்டாவாகச் சமைத்து வைக்காமல், நம் வீடுகளில் இட்லியை ஈடு ஈடாக எடுப்பதுபோல, சிறு ஈடுகளாகச் சமைத்து, தட்டுக் காலியாகும் தறுவாயில் அடுத்த ஈட்டைக் கொண்டு வைத்தார்கள். மிச்சமும் குறைந்தது, ருசியும் நின்றது.

ஸ்காட் பின்னர் பிரிந்து சென்று 1989-இல் ‘ஹோம்டவுன் பஃபே’ என்ற வேறொரு தொடரைத் தொடங்கினார். அங்கே அவர் நீண்ட ஒற்றை வரிசையை ஒழித்தார். சூப்புக்கு ஓரிடம், கோழிக்கு ஓரிடம், இனிப்புக்கு ஓரிடம் என்று மேஜைகளைத் தீவுகள்போலச் சிதறலாக அமைத்தார். முட்டைக்கோசை வேண்டாதவர் அதை எடுப்பவர் பின்னால் காத்து நிற்க வேண்டியதில்லை. கூட்டம் விரைந்து நகரும், இடம் காலியாகும், அடுத்த குடும்பம் அமரும். 1996-இல் இரு நிறுவனங்களும் மீண்டும் ஒன்றாயின.

பண்டங்களின்மேல் சாய்வாக நிற்கும் கண்ணாடித் தடுப்பை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்மோர்கஸ்போர்ட் உணவுச்சாலைகள் நடத்திவந்த ஜானி கார்னோ என்பவர், வாடிக்கைக்காரர்கள் பண்டங்களின்மேல் குனிந்து முகர்ந்து பார்ப்பதைக் கண்டு அருவருத்து, 1959-ஆம் ஆண்டில் இத்தகைய மேஜைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். இன்று அந்தக் கண்ணாடியில்லாத பஃபே மேஜையை அந்த நாட்டில் காண்பது அரிது.

இனி அங்கே வந்தவர்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டும். இந்த உணவுச்சாலைகளைப் பற்றி நகைச்சுவை எழுதுவோர் பெருத்த உடலும் குவித்த தட்டுமாக ஓர் உருவத்தைக் காட்டிச் சிரிப்பது வழக்கம். அது நியாயமான சித்திரமன்று. நான்கு பிள்ளைகளைப் பெற்ற ஒரு தொழிலாளி, சாதாரண உணவுச்சாலைக்குப் போனால் விலைப்பட்டியலின் வலப்பக்கத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்கு வாங்கித் தர வேண்டும். ஒன்று கேட்டதை மற்றொன்றும் கேட்கும். வந்ததைத் தின்னாமல் ஒதுக்கும். கடைசியில் வரும் ரசீது எவ்வளவு என்று தெரியாது. பஃபேயில் வாயிலைத் தாண்டுமுன்பே அன்றைய செலவு முடிந்துவிட்டது. பிறகு பிள்ளைகளை எதற்கும் ‘வேண்டாம்’ என்று அடக்க வேண்டியதில்லை. அந்தத் தந்தை அங்கே விலைக்கு வாங்கியது அந்த ஒரு மணி நேர நிம்மதியை என்று சொன்னால் மிகையாகாது.

முதியவர்களுக்கும் அது ஏற்ற இடமாயிருந்தது. பல்லில்லாதவருக்கு மசித்த கிழங்கு. உப்பு ஆகாதவருக்கு வெந்த காய். மாலை நான்கு மணிக்கே இராச் சாப்பாடு. தேவாலயத்திலிருந்து ஞாயிறு நண்பகலில் நேரே வரும் குடும்பங்கள் மூன்று தலைமுறையாக ஒரே மேஜையில் அமர்ந்தன. ஒரு குடும்பத்தில் நால்வருக்கு நான்கு விதமான நாக்கு இருந்தாலும் சண்டையில்லை. மேலும் ஒருவர் பின்னால் நின்று ‘எழுந்திரு’ என்பதுபோல் ரசீதை நீட்டுவதும் அங்கே இல்லை; அது முன்பே தீர்ந்த கணக்கு.

இவ்வளவு பொருத்தமாக அமைந்த ஸ்தாபனம் ஏன் சரிந்தது? முதற் காரணம் கடன். 2000-ஆம் ஆண்டில் ஒரு முதலீட்டு நிறுவனம் ஓல்ட் கன்ட்ரி பஃபேயின் தாய்க் கம்பெனியை விலைக்கு வாங்கியது. 2006-இல் அக்கம்பெனி தெற்கத்தி ரையன்ஸையும் வாங்கிச் சேர்த்துக்கொண்டது. இத்தகைய வியாபாரங்களில் வாங்கும் பணத்தின் பெரும்பகுதி கடனாக இருக்கும். அந்தக் கடன் வாங்கியவர் தலையில் விழாது, வாங்கப்பட்ட கம்பெனியின் தலையிலேயே ஏறும். அதாவது, நம் கணக்கில் கண்ட மூன்று டாலரிலிருந்துதான் வட்டி கட்ட வேண்டும். அறுநூறுக்கு மேற்பட்ட உணவுச்சாலைகளை உடைய கம்பெனி 2008 ஜனவரியில் கடன் தீர்க்க இயலாமல் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. அந்த ஆண்டில் பெட்ரோல் விலையும் உணவுப்பொருள் விலையும் ஏறின. பிறகு வேலையின்மையும் பெருகியது. 2012-இல் மறுபடியும் நீதிமன்றம். 2016-இல் மூன்றாம் முறை. அப்போது எஞ்சியிருந்தவை ஏறக்குறைய 150 உணவுச்சாலைகளே.

கடன் மட்டுமே காரணம் என்றால் கதை எளிதாயிருக்கும். வேறொன்றும் உள்ளிருந்தே அரித்தது. ஈடு ஈடாகச் சமைக்கும் முறை கூட்டத்தை நம்பியது. கூட்டம் இருந்தால் தட்டு கால் மணியில் காலியாகும். புது ஈடு வரும். கூட்டம் பாதியானால் அதே தட்டு அரை மணிக்கு மேல் கிடக்கும். கோழியின் தோல் சுருங்கும். சாற்றின்மேல் ஆடை படியும். பத்து வகையைக் குறைத்து ஐந்தாக்கினாலோ, இவ்வளவுதானா என்று வந்தவர் முகம் சுளிப்பார். குறைக்காவிட்டால் நஷ்டம், குறைத்தால் அடுத்த வாரம் கூட்டம் இன்னும் குறையும். சிப்பந்திகளைக் குறைத்தால் மேஜைகளில் எச்சில் தட்டுகள் தேங்கும்.

அத்துடன், முதலில் வராமல் நிற்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். கொஞ்சமாக உண்ணும் பாட்டிக்கு, பத்து டாலர் பன்னிரண்டானதும் அது கட்டுபடியாவதில்லை. வீட்டிலேயே ரொட்டியும் சூப்பும் போதும் என்று இருந்துவிடுவாள். சுத்தத்தில் கண்ணாயிருக்கும் தாய் பிள்ளைகளை வேறிடம் அழைத்துப் போவாள். விலை ஏறினாலும் தொடர்ந்து வருபவன் அதிகம் உண்ணக்கூடியவன். அவனுக்குப் பன்னிரண்டு டாலரும் லாபமே. இப்படி ஒவ்வொரு விலையேற்றமும் லாபந் தரும் மேஜையைக் கலைத்து, நஷ்டந் தரும் மேஜையை மிச்சம் வைத்தது. நம் கணக்கில் குடும்பத்தை நீக்கிவிட்டு இளைஞர் மேஜைகள் இரண்டை வைத்துப் பாருங்கள். செலவு 40, மிச்சம் 32. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு நோயாளிகள் மட்டுமே சந்தா கட்ட வந்தால் என்ன நேருமோ அதுவே இங்கும் நேர்ந்தது என்று நான் கருதுகிறேன்.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்று பரவியபோது, ஒருவர் பிடித்த கரண்டியை மற்றவர் பிடிக்கும் இந்த முறையை அமெரிக்க அதிகாரிகள் நிறுத்தச் சொன்னார்கள். கலிபோர்னியாவில் 1978-இல் தோன்றி, இலைக்கறிகளுக்கும் சூப்புக்கும் பெயர்பெற்றிருந்த ‘சூப்பிளான்டேஷன்’ என்ற தொடர், அந்த மே மாதத்தில் தன் 97 உணவுச்சாலைகளையும் ஒருங்கே மூடிவிட்டது. எஞ்சியிருந்த ஓல்ட் கன்ட்ரி பஃபேக்களும் கதவடைத்தன. அவற்றை நடத்திவந்த கம்பெனி 2021-இல் நீதிமன்றம் சென்றது. அந்தப் பெயர்ப் பலகைகள் பிறகு ஏறவில்லை.

கோல்டன் கோரல் பல கிளைகளை இழந்தும் பிழைத்துக்கொண்டது. 2020-இல் அது முதலில் செய்த மாறுதல் ஒன்று நம்மவர்க்கு நன்றாக விளங்கும். கரண்டியை உண்பவர் கையிலிருந்து வாங்கிச் சிப்பந்தியின் கையில் கொடுத்தார்கள். கண்ணாடிக்கு அப்பால் முகக்கவசத்தோடு ஒருவர் நின்று, வேண்டியதைச் சுட்டிக் காட்டினால் தட்டில் வைத்துத் தந்தார். விலை அதேதான், அளவுக்கும் எல்லையில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம். நம் பந்தியிலோ பரிமாறுபவர் இலைக்கு இலை நின்று, ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று தாமே வற்புறுத்துவார். அங்கே அப்படிச் சொல்வார் இல்லை. இரண்டாம் முறை போகிறவர் தட்டை நீட்டி வாய்திறந்து கேட்டாக வேண்டும். கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் கரண்டிகள் மறுபடியும் உண்பவர்களிடமே ஒப்படைக்கப்பட்டன.